அம்மா, பிரவுணி, இரண்டு கூடாரங்கள்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் எங்கள் வீட்டில் 25 நாட்களும் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை; அந்த விரதத்தில் அம்மாவின் நாய் பிரவுணிக்கும் விலக்கில்லை. பருப்பும் சோறும் பிசைந்து வைத்த தட்டை முகர்ந்துவிட்டு, எங்கள் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு வழியின்றி அது உண்பதை ஒஸ்லோவிலிருந்து வந்திறங்கிய முதல் வாரத்திலேயே கண்டேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

இந்த முறை விடுமுறையில் இரண்டு இரவுகளாவது ஊர்ப்புறத்தில் கூடாரத்தில் தங்க வேண்டும் என்று மகள் விமானத்திலேயே கேட்டிருந்தாள். அம்மாவையும் அழைத்துச் செல்வோம் என்றேன். "பிரவுணியைத் தனிய விட்டிட்டு நான் ஓரிடமும் வரமாட்டன்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பா காலமான பின்னர் விறாந்தையில் அம்மாவின் காலடியில் படுக்கும் ஐந்து வயது ஊர்நாய் அது. ஆகவே நான் தேட வேண்டியிருந்தது கூடாரத்தை மட்டுமல்ல, நாயையும் ஏற்றுக்கொள்ளும் கூடாரத்தை.

நோர்வேயில் இது ஒரு கேள்வியே அல்ல. அங்கே 1957ஆம் ஆண்டின் வெளிப்புறப் பொழுதுபோக்குச் சட்டப்படி, பயிரிடாத காட்டிலும் மலையிலும், ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, யாரிடமும் கேட்காமல் இரண்டு இரவுகள் வரை கூடாரம் அடிக்கலாம். ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றில் வைத்திருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. குஞ்சு பொரிக்கும் பறவைகளையும் மேயும் ஆடுகளையும் காப்பதற்காக அந்த விதி. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. இங்கே வேலியில்லாத காணி அரிது. வேலியில்லாத கடற்கரை என்றால் அது கடற்றொழிலாளரின் வேலைத்தலம். வெளியிலிருந்து வந்தவர் விரும்பிய இடத்தில் முளையடித்துவிட முடியாது, அடிக்கவும் கூடாது. ஆகவே காசு கொடுத்துத் தங்கும் இடங்களைத்தான் நாட வேண்டும்.

தொலைபேசியில் கேட்ட பதில்களே ஒரு தனி அனுபவம். சில இடங்கள் நாய் என்றதும் மறுத்துவிட்டன; அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு விடுதியில் மட்டும், "வெளிநாட்டு நாயோ, ஊர் நாயோ?" என்று கேட்டார்கள். ஊர் நாய் என்றேன். மறுமுனையில் சற்று அமைதி நிலவியது; பின்னர் அறை இல்லை என்று சொல்லப்பட்டது. பொமரேனியனுக்குக் கிடைக்கும் அறை பிரவுணிக்குக் கிடைக்காது என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கடைசியில் வடமராட்சி கிழக்கில் ஒரு கடற்கரைக் கூடாரத் தங்குமிடத்திலும், வேலணைப் பக்கம் ஒரு பனங்கூடலுக்குள் இருந்த தங்குமிடத்திலும் சம்மதம் கிடைத்தது.

வாகனம் பிடிப்பதிலும் சிறு இழுபறி இருந்தது. வான்காரர் இருக்கையில் மயிர் ஒட்டும் என்று தயங்கினார். பழைய பாய் ஒன்றும் இரண்டு உரப்பைகளும் விரித்துத் தருகிறோம் என்றதும் இணங்கினார். பிரவுணிக்கு அது முதலாவது நெடும்பயணம். நெல்லியடி தாண்டுவதற்குள் ஒருமுறை சத்தி எடுத்தது, அதுவும் பாயில்தான். நாயோடு புறப்படுவோர் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.

போகும் வழியில் மணற்காட்டில் இறங்கினோம். சவுக்கங்காட்டின் நிழலும் அதற்கு அப்பால் மணற்குன்றுகளும், மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் மகளை வாய்பிளக்க வைத்தன. நாயுடன் செல்பவர்கள் இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று மணலின் சூடு: காலை பத்து மணிக்குப் பின்னர் புறங்கையை மணலில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால், அதன் பாதமும் தாங்காது. மற்றது இராவணன் மீசை. அடம்பன் கொடியோடு சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் இந்தப் புல்லின் ஊசிமுனைகள் பிரவுணியின் விரலிடுக்கில் ஏறி, அது மூன்று காலில் நொண்டியபடி என்னிடம் வந்தது. மகள் தலையைப் பிடித்துக்கொள்ள, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு சிறு சாமணம் பையில் இருந்திருந்தால் அரை மணித்தியாலம் மிஞ்சியிருக்கும்.

முதல் தங்குமிடம் பார்வைக்கு மிக அழகானது. சீமெந்துத் தளத்தின் மேல் தடித்த துணியில் அமைத்த சொகுசுக் கூடாரங்கள், உள்ளே கட்டில், மின்விசிறி, பின்புறம் ஒட்டிய குளியலறை, முன்னால் சவுக்கு மரங்கள், அதற்கு அப்பால் கடல். ஓர் இரவுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கினார்கள். நாய்க்கு மேலதிகக் கட்டணம் இல்லை. சாப்பாட்டைக் குறை சொல்லவே முடியாது. எங்கள் விரதத்தைச் சொன்னதும், முகஞ்சுழிக்காமல் தனிச்சட்டியில் முருங்கைக்காய்க் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரிக்குழம்பும் ஆக்கித் தந்தார்கள்.

சோளகம் மட்டும் விருந்தினரை மதிக்கவில்லை. வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தெற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்று, புலம்பெயர்ந்தோர் ஊருக்கு வரும் ஆடி, ஆவணி மாதங்களில் நல்ல உரத்தில் இருக்கும். கூடாரத்தின் வாசலைத் தெற்குப் பார்க்க வைத்திருந்ததால் மணல் நேராகக் கட்டிலுக்கு வந்தது. மணலில் சாதாரண முளைகள் நிற்காது என்பதை அறிந்து, மணல் நிரப்பிய உரப்பைகளைப் புதைத்து அவற்றில் கயிறுகளைக் கட்டியிருந்தார்கள். அந்த வேலை திறமையானது, கூடாரம் அசையவில்லை. வாசலை மட்டும் மறுபுறம் திருப்பியிருந்தால் வேறு குறை இருந்திராது.

பிற்பகலில் மகள் பிரவுணியைக் கடற்கரையில் நடக்கக் கூட்டிச் சென்றாள். இருநூறு மீற்றர் தள்ளி, கடற்றொழிலாளரின் குடிலான வாடி ஒன்றின் முன்னால், விரித்த வலையின் மேல் சூடை மீன் காய்ந்துகொண்டிருந்தது. பத்து நாள் விரதமிருந்த நாய்க்கு அந்த வாசனை எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கயிறு மகளின் கையிலிருந்து நழுவியது. நான் ஓடிச்சேர்வதற்குள் அது வலையின் நடுவில் நின்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தது. வாடியிலிருந்து வந்த அம்மையார் தடியை ஓங்கவில்லை. "நாயில பிழையில்லைத் தம்பி, கயித்தை விட்ட ஆளிலதான் பிழை" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சிதறியதையும் மிதிபட்டதையும் கையால் கூட்டிப் பார்த்து, இரண்டு கிலோவுக்கு நியாயமான விலை சொன்னார், கொடுத்தேன். பயணிகள் கடற்கரை என்று நாம் அழைப்பது அவருடைய களஞ்சியம் என்பதைத் தங்குமிடக்காரர் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எந்தத் திசையில் வாடிகள் உண்டு, எந்த நேரம் கரைவலை இழுப்பார்கள் என்று இரண்டு வரி எழுதி வாசலில் தொங்கவிட்டாலே போதும்.

உப்புக் கருவாட்டின் விளைவு இரவில் தெரிந்தது. பிரவுணி ஓயாமல் தண்ணீர் கேட்டது. அங்குள்ள கிணறு உவர். குடிநீர் பவுசரில் வந்து தொட்டியில் நிற்கிறது, இரவில் சமையலறை பூட்டப்படுகிறது. நாங்கள் கொண்டுபோன போத்தல்களை எல்லாம் ஊற்றிக் கொடுத்தோம். அந்த நேரத்தில்தான் அடுத்த சிக்கலும் வந்தது. தொலைபேசியில், "பிரச்சினை இல்லை அண்ணை, கொண்டு வாங்கோ" என்றவர்கள், நாய் கூடாரத்துக்குள் வரக்கூடாது, வெளியே சவுக்கில் கட்ட வேண்டும் என்று வந்த பிறகுதான் சொல்லியிருந்தார்கள். கட்டினோம். பதினொரு மணியளவில் கடற்கரையின் கட்டாக்காலி நாய்கள் ஏழெட்டு வந்து வட்டமாக நின்றன. தங்கள் எல்லைக்குள் புதிதாக ஒன்று கட்டப்பட்டிருப்பதை அவை எப்படிப் பொறுக்கும்? கட்டிய நாய் ஓடவும் முடியாது, சண்டை பிடிக்கவும் முடியாது. காவலாளி ரோச் லைற்றோடும் தடியோடும் இரண்டு முறை துரத்தினார். மூன்றாம் முறை அவருக்கும் நித்திரை. அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வான்காரரை எழுப்பி, பிரவுணியும் நானும் வானுக்குள் படுத்தோம். பதினெட்டாயிரம் ரூபாய்க் கட்டிலில் மகள் மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள்.

நாயை அனுமதிப்பதும் நாய்க்கு இடம் வைத்திருப்பதும் ஒன்றல்ல என்று அன்றிரவு வானுக்குள் கிடந்து யோசித்தேன். இலங்கையில் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பது 2006 முதல் அரசின் கொள்கை. அது எனக்கு உடன்பாடான கொள்கைதான். ஆனால் அதன் பொருள், எந்தக் கடற்கரையிலும் வீதியிலும் ஏற்கெனவே குடியிருக்கும் நாய்கள் உண்டு என்பது. அதனால் நாயோடு தங்குவதற்கு இடம் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தையோ கட்டிலையோ அல்ல. சுற்றிவர அடைத்த வேலி உண்டா என்பதைத்தான்.

வேலணையில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. பண்ணைப் பாலம் தாண்டி, கடலேரியின் நடுவே ஓடும் வீதியால் போய் இறங்கியபோது, பனையோலையால் நெருக்கமாக அடைத்த வேலியும் பூவரசங் கதியால்களும் கண்ணில் பட்டன. படலையடியில் வேம்பின் கீழ் ஒரு சூலம் நட்டு வைரவரை வைத்திருந்தார்கள். "வைரவற்றை வாகனத்தை வரவேண்டாம் எண்டு சொல்லேலுமே?" என்று சிரித்துக்கொண்டே வந்த உரிமையாளர், அடுத்த மூச்சிலேயே விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். முந்தைய இடத்தில் எவரும் கேட்காதது அது. அம்மா கைப்பைக்குள் இருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தபோது பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் முகம் அவருக்கு இருந்தது. தேதியைப் பார்த்து, தன் கொப்பியில் குறித்துக்கொண்ட பிறகே படலையை முழுவதும் திறந்தார்.

இங்கே சொகுசு குறைவு. கூடாரம் சற்றுச் சிறியது, குளியல் கிணற்றடியில், மின்விசிறி ஒன்றுதான். கட்டணம் முதல் இடத்தின் பாதிக்கும் சற்று மேல், நாய்க்கு ஆயிரம் ரூபாய் தனியாக. அந்த ஆயிரத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்: கூடாரத்தின் முன் தாழ்வாரத்தில் ஓலைக் கூரையும் தடித்த சாக்கும், நாள் முழுவதும் நிரம்பியிருந்த மண்சட்டித் தண்ணீர், உப்புச் சேர்க்காத சோறு. தங்கள் சொந்த நாய்கள் இரண்டையும் மாலை ஆறு மணிக்குப் பின் வளவுக்குள் கட்டிவைத்தார்கள். காணியைக் கூட்டி, கருக்குமட்டைகளை ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அரம்போன்ற அந்த விளிம்பு பாதத்தைக் கீறும் என்பதை அறிந்தவர்களின் வேலை அது. நெருஞ்சி முள்ளை மட்டும் அவர்களாலும் முற்றாக ஒழிக்க முடியவில்லை.

இரவில் எங்களுக்கு இரண்டு விதிகள் சொல்லப்பட்டன. ரோச் இல்லாமல் கிணற்றடிக்குப் போகக்கூடாது. செருப்பை உதறாமல் போடக்கூடாது. குடாநாட்டின் வறண்ட மணற்பாங்கான நிலங்களில் சுருட்டை விரியன் உண்டு. அது சிறியது, இரவில் நடமாடுவது, ஓலைக் குப்பைக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாதது. நாய் மூக்கை நீட்டி முகரும் பிராணி என்பதால் மனிதரிலும் அதற்குத்தான் ஆபத்து அதிகம். பிரவுணி இரவு முழுவதும் ஓலைக் கூரையின் கீழ், அம்மாவின் கட்டிலுக்கு எதிரே, துணிவாசல் ஒன்றே இடையில் இருக்கப் படுத்துக்கிடந்தது. நானும் கட்டிலில்தான் படுத்தேன்.

காலையில் சாட்டிக் கடற்கரைக்குப் போய்வந்தோம். நன்னீர்க் கிணறுகளுக்குப் பெயர்போன இடம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்களால் நிரம்பும் என்பதால், நாயோடு போவோர் வேறு நாளில் விடியப்புறம் போவது மரியாதை. காரைநகர் கசூரினாவுக்கும் இதே சொல்லே பொருந்தும்.

சுண்டிக்குளத்துக்கும் போக மகள் ஆசைப்பட்டாள், விட்டுவிட்டோம். 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட இடத்துக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. பூநாரைகள் மேயும் சேற்றில் பிரவுணி பாய்வதை நினைத்துப் பார்த்தால் அந்த விதியின் நியாயம் விளங்கும். முகமாலைப் பக்கம் தங்க நினைப்போருக்கு இன்னொன்று: அங்கே கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலமாக நடந்துவருகிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையை நாம் வாசிப்போம், நாய் வாசிக்காது. வீதியை விட்டு இறங்கும் எந்த இடத்திலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தங்கள் நாயையே கொண்டுவரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இறக்குமதி அனுமதியைக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் பெற வேண்டும். அது முடியாத காரியமல்ல. சிக்கல் திரும்பிப் போவதில்தான் இருக்கிறது. நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் இலங்கையிலிருந்து வரும் நாய்க்கு விசர்நாய்க்கடி எதிர்ப்பாற்றலை அளக்கும் இரத்தப் பரிசோதனையைக் கேட்கின்றன. அதைப் புறப்படுமுன் அங்கேயே செய்து நாயின் கடவுச்சீட்டில் பதிந்திருந்தால் சரி. இங்கே வந்து செய்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நான்கு வார விடுமுறைக்காக ஒரு நாயை இந்த வெயிலுக்குக் கொண்டுவருவதை நான் செய்யமாட்டேன். எங்கள் ஒஸ்லோ நாய் பக்கத்து வீட்டாரோடு சுகமாக இருந்தது.

வீடு திரும்பியதும் பிரவுணியின் காதுக்குள் இருந்து நான்கு உண்ணிகளை எடுத்தோம். மருந்து போட்டிருந்தும் ஏறியிருந்தன. அடுத்த முறை தை மாதத்தில், மாரி ஓய்ந்து வாடைக் குளிர் இருக்கும்போது வேலணைக்கே போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்; உரிமையாளரின் இலக்கத்தைத் தன் தொலைபேசியில் மகளைக் கொண்டு பதிந்தும் வைத்துக்கொண்டார்.

நல்லூரில் திருவிழாவை நிறைவுசெய்யும் வைரவர் சாந்தி முடிந்த மறுநாள் அம்மா சந்தைக்குப் போய்ச் சூடை மீன் வாங்கிவந்தார். எங்களுக்குக் குழம்பு வைக்குமுன், நான்கு மீனை உப்புப் போடாமல் தனிச்சட்டியில் அவித்து, முள்ளெடுத்து ஆறவைத்தார்.