ஸ்பான்சர் தரப்புக்கு ஏர்டேபிள்: எங்கே கை கொடுக்கும், எங்கே காலை வாரும்

ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு கிரியேட்டர்களுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் என்றால் ஏர்டேபிளுக்கு (டேபிள்களை ஒன்றோடொன்று லிங்க் செய்யக்கூடிய ஆன்லைன் டேட்டாபேஸ்) மாறலாம். இரண்டு மூன்று டீல்தான் என்றால் எக்ஸெலே போதும்.

பழைய ஷீட்டை அப்படியே இறக்கிவிடாதீர்கள். 'டீலுக்கு ஒரு வரி' என்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ஒரு டீலில் ஒரு வீடியோ வெளியாகியிருக்கும், ஒரு ரீல் திருத்தத்தில் இருக்கும், ஸ்டோரி தொடங்கியே இருக்காது. அந்த ஒற்றை வரிக்கு என்ன ஸ்டேட்டஸ் போடுவது? கிரியேட்டர், டீல், பதிவு (வீடியோ, ரீல், ஸ்டோரி ஒவ்வொன்றும்), கட்டணத் தவணை என நான்கு டேபிள் போட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் தனி வரி கொடுத்து டீலோடு லிங்க் செய்யுங்கள். ஸ்கிரிப்ட் வரும் நாள், ஒப்புதல் நாள், வெளியீட்டு நாள் மூன்றும் தனித்தனி ஃபீல்ட். தாமதம் யார் பக்கம் என்பது அப்போதுதான் தெரியும் (பாதி நேரம் நம் ஒப்புதலில்தான் தேங்கியிருக்கும்).

இதற்காகவே வாங்கலாம் என்று சொல்ல வைப்பது, பயன்பாட்டு உரிமையை (கிரியேட்டரின் வீடியோவை நாம் விளம்பரமாக ஓட்ட அனுமதி) கண்காணிக்கும் வசதி. வெளியீட்டு நாளோடு ஒப்பந்தத்திலுள்ள 30 அல்லது 90 நாளை டேட்ஆட் (DATEADD) ஃபார்முலாவில் கூட்டுங்கள். முடிய ஒரு வாரம் இருக்கும்போது மெயில் போக ஆட்டோமேஷன் வையுங்கள். இல்லாவிட்டால் உரிமை முடிந்த வீடியோ விளம்பரமாக ஓடிக்கொண்டே இருக்கும். கிரியேட்டரின் பில் வந்த பிறகுதான் விழித்துக்கொள்வோம்.

குறைகளும் உண்டு. கரன்சி ஃபீல்டில் ஒரே குறியீடுதான், மாற்று விகிதம் தானாகக் கணக்கிடாது. வெவ்வேறு நாணயத்தில் கொடுத்தால் விகிதத்துக்குத் தனி ஃபீல்ட் வேண்டும். ரோலப்பில் (லிங்க் செய்த வரிகளின் தொகையைக் கூட்டித் தரும் ஃபீல்ட்) நிபந்தனை போடாவிட்டால் ரத்தான பதிவின் தொகையும் பட்ஜெட்டில் கூடிவிடும். ஏஜென்சிக்கு வியூ லிங்க் (சில ஃபீல்டை மறைத்து டேபிளைப் பார்க்க மட்டும் தரும் லிங்க்) அனுப்பும்போது, விரித்த வரியில் எல்லா ஃபீல்டையும் காட்டும் ஆப்ஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மறைத்து வைத்த கட்டணம் அந்த வழியில்தான் வெளியே போகும்.

பார்வை எண்ணிக்கை தானாக வந்து விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிரியேட்டருக்கு ஒரு ஃபார்ம் அனுப்பி இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டோடு வாங்குவதே நடைமுறை. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் கடைசித் தவணையை அந்த ஃபார்மோடு முடிச்சுப் போடுங்கள். யூடிஎம் லிங்கையும் (எந்த கேம்பெய்ன் வழியாக வந்தார்கள் என்று காட்டும் குறி சேர்த்த லிங்க்) கிரியேட்டரிடம் விடாமல் ஃபார்முலாவிலேயே சிறிய எழுத்தில் உருவாக்கிக் கொடுங்கள். பெரிய எழுத்து கலந்தால் கூகுள் அனலிட்டிக்ஸ் அதை வேறு கேம்பெய்னாகவே எண்ணும்.