கோபியில் இருந்துகொண்டு எடையைக் குறைக்க எவ்வளவு ஆகும்?

ஊருக்கு வந்தால் வங்கி, ஆதார், பட்டா என்று அலைவதுதான் வழக்கம். 2025 டிசம்பரில் லண்டனிலிருந்து கோபிச்செட்டிபாளையம் வந்தபோது பாதி நேரம் ஆன்லைன் எடைக்குறைப்புத் திட்டங்களை விசாரிப்பதிலேயே போனது. காரணம் எங்கள் அண்ணி.

அண்ணிக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் எடுக்கிறார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, காலை ஆறு மணிக்கு வீடியோவில் கூடும் ஒரு பவுடர் கிளப்பில் சேர்ந்திருந்தார். காலையிலும் இரவிலும் பவுடர் கலந்த ஷேக், மதியம் மட்டும் அரைத் தட்டு சாப்பாடு. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குப் பக்கம். எடை இறங்கியதும் உண்மைதான். ஒருநாள் பதினொரு மணிவாக்கில் சமையலறையில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிஷினில் பார்த்தால் 62. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 90-ஐத் தாண்டியது.

"பவுடர் குடுக்கறப்ப நீங்க என்ன மாத்திரை எடுக்கறீங்கன்னு கேட்டாங்களா அண்ணி?"

"எங்கீங்க தம்பி கேட்டாங்க? போட்டோ மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னாங்க, முன்ன பின்ன காட்டறதுக்கு."

கிளிமிப்ரைடு, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பவர் டாக்டரிடம் கேட்டு இதன் அளவையும் குறைத்தாக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அன்றிலிருந்து எந்தத் திட்டத்தை விசாரித்தாலும் நான் முதலில் பார்த்தது இதைத்தான்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்களா?

ஒரு ஆப்பில் மூன்று மாதத்துக்கு 7,500 ரூபாய். "சலுகை இன்னைக்கு ராத்திரியோட முடியுதுங்க சார்" என்றார் ஆலோசகர். மறுநாளும் அதே சலுகை இருந்தது. உயரம், எடை, எந்த பேங்க் கார்டு, தவணை வேண்டுமா என்பதோடு கேள்விகள் முடிந்தன. மாதிரிக்கு அனுப்பிய பட்டியலில் ஓட்ஸ், கீன்வா, அவகாடோ. கொள்ளுப் பருப்பும் ராகிக் களியும் சேர்க்கலாமா என்று கேட்டேன். லிஸ்டில் இல்லையாம்! எள்ளையும் கொள்ளையும் யாருக்குக் கொடுப்பது என்று பழமொழியே வைத்திருக்கும் ஊரில் இதற்குக் காசு வேறு.

அப்புறம் எடை குறைக்கும் ஊசி. இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். மவுஞ்சாரோ என்ற ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒரு ஊசி. வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. நான்கு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 14,000 முதல் 17,500. இன்னொரு ஊசியான வெகோவி ஜூனில் வந்தது, நவம்பரில் விலையைக் குறைத்தார்கள். அதன் மூலப்பொருளான செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடியும், அதன்பின் உள்ளூர்க் கம்பெனிகள் வந்தால் விலை இறங்கும் என்று அப்போது சொன்னார் கோபி மருந்துக்கடைக்காரர். திட்டமாக விற்பவர்கள் இதற்கு மேல் டாக்டர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, ஐஸ் பெட்டிக் கூரியர் என்று தனித்தனியாக ஏற்றுகிறார்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. கூரியர் ஆபீஸில் ஒரு மதியம் முழுக்கக் கிடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன், பதில் வரவில்லை.

லண்டனில் இது மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். 2025 செப்டம்பரில் மவுஞ்சாரோ கம்பெனி பிரிட்டன் விலையை ஏற்றி, 15 மில்லிகிராம் பேனா ஊசியின் பட்டியல் விலை 122 பவுண்டிலிருந்து 330 ஆனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் பிப்ரவரியிலேயே அங்குள்ள மருந்தக ஒழுங்குமுறை அமைப்பு, ஆன்லைன் கேள்வித்தாளை மட்டும் நம்பி எடை ஊசி கொடுக்கக் கூடாது, எடையை வீடியோவிலோ மருத்துவப் பதிவிலோ சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இங்கும் விதி இல்லாமல் இல்லை. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி டாக்டர் தன் பதிவு எண்ணை மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் போட்டாக வேண்டும். நான் பேசிய ஊசித் திட்டம் ஒன்றில், பணம் கட்டிய பிறகுதான் டாக்டர் யார் என்று தெரியும் என்றார்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்ததா, கணைய அழற்சி வந்திருக்கிறதா என்பதெல்லாம் ஊசிக்கு முன்னால் கேட்க வேண்டியவை. நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பி வருவதையும் சொல்ல வேண்டும். விற்பவர் இரண்டையும் தொடவே இல்லை.

மூலிகை மாத்திரை விளம்பரங்களை நான் விசாரிக்கவே இல்லை. இதயத்துக்குக் கேடு என்று 2011-இல் இந்தியா தடை செய்த சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்தை, 'இயற்கை' என்று விற்ற ஒல்லி மாத்திரைகளில் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கடைசியில் அமைந்தது கோவையில் ஒரு மருத்துவமனையின் வீடியோ ஆலோசனை. ஒரு தடவைக்கு 600 ரூபாய், தமிழிலேயே பேசினார்கள். உணவியல் நிபுணர் முதலில் செய்தது, மாத்திரை அட்டைகளைக் கேமரா முன்னால் காட்டச் சொன்னது. அங்கிருந்த டாக்டர் கிளிமிப்ரைடைப் பாதியாக்கினார். அரிசிம்பருப்புச் சாதம் அளவோடு, பக்கத்தில் நிறையக் கீரை, கொள்ளுப் பருப்பு, முட்டை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் வரக்கூடும் என்றார். பரிசோதனைகளையும் சேர்த்து முதல் மாதம் மூவாயிரத்துக்குள் அடங்கியது. அடுத்த மாதங்களில் இன்னும் குறையும்.

பவுடர் கிளப்பில் பிரிக்காத இரண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்றுக்கு மட்டும் பணம் வந்தது.