கையடக்கக் கருவியில் அறுவைச் சிகிச்சை: எந்த ஆட்டத்தை எடுப்பது?

கையில் பிடித்து விளையாடும் கருவியில் அறுவைச் சிகிச்சை செய்ய ஆசைப்படுகிறவர் முன்னால் வழக்கமாக நான்கு பெயர்கள் வந்து நிற்கும். அட்லஸ் நிறுவனம் நிண்டெண்டோ நிறுவனத்தின் இரட்டைத் திரைக் கருவியான டிஎஸ்ஸுக்காக 2005இல் கொண்டுவந்த ‘டிராமா சென்டர்: அண்டர் தி நைஃப்’, 2008இல் வந்த அதன் இரண்டாம் பாகம், அதே டிஎஸ்ஸுக்கு ஸ்பைக் நிறுவனம் உருவாக்கிய ‘லைஃப்சைன்ஸ்’, நிண்டெண்டோவின் பிந்தைய கருவியான ஸ்விட்ச்சுக்கு 2018இல் வந்த ‘சர்ஜன் சிமுலேட்டர் சிபிஆர்’. நான்கிலும் கத்தி உண்டு, ரத்தம் உண்டு. ஆனால் கத்தியைப் பிடிக்கும் கைக்கு ஒவ்வொன்றும் கொடுக்கும் வேலை வேறு. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான். படத்தின் அழகையும் கதையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ‘அண்டர் தி நைஃப்’. டிஎஸ்ஸின் கீழ்த்திரையில் நோயாளியின் உடல். அதன் இரு ஓரங்களிலும் கருவிகளின் படங்கள். கிருமிநாசினி ஜெல்லைத் தோலில் தடவி, புள்ளிக்கோட்டின் மேல் கத்தியை இழுத்தால் உடல் திறக்கும். உள்ளே கண்ணாடித் துண்டு இருந்தால் இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். தேங்கிய ரத்தத்தை உறிஞ்ச வேண்டும். காயத்தின் மேல் ஸ்டைலஸை (திரையைத் தொடும் குச்சியை) இப்படியும் அப்படியுமாகக் கோணல்மாணலாக ஓட்டினால் தையல் விழும். சின்னக் கீறலுக்கு ஜெல்லே போதும். இதற்கிடையே நோயாளியின் உயிர்நிலையைக் காட்டும் எண் இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் அது 99. பூஜ்யத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. பச்சை மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டால் எண் சற்று ஏறும். ஆனால் ஊசியை நிரப்பும் நேரத்தில் வேறு எதையும் செய்ய முடியாது. தைப்பதா, ஊசி போடுவதா என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுக்க வைக்கும் இந்த இழுபறிதான் ஆட்டத்தின் உயிர்.

டிஎஸ்ஸின் திரை அழுத்தத்தை உணரும் வகை. விரல் தேவையில்லை, குச்சி முனை போதும். பேனா பிடிப்பதைப் போலப் பிடித்து நுணுக்கமாகக் கோடு இழுக்கலாம். இன்றைய செல்பேசித் திரையில் விரல் நுனியே காயத்தை மறைத்துவிடும் என்பதை யோசித்தால், இந்த ஆட்டம் ஏன் இன்றும் தேடப்படுகிறது என்பது புரியும். கருவிக்கும் ஆட்டத்துக்கும் இப்படிப் பொருத்தம் அமைவது அபூர்வம்.

கதையில் மருத்துவம் பாதி, மாயம் பாதி. நாயகன் டெரெக் ஸ்டைல்ஸ் இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர். உடனிருப்பவர் ஏஞ்சி என்ற செவிலியர். காலம் 2018 என்று கதை சொல்கிறது. (2005இல் அது எதிர்காலம்.) சாதாரண விபத்துகளையும் கட்டிகளையும் கவனித்துக்கொண்டிருந்தவர் முன் ‘கில்ட்’ என்ற செயற்கை ஒட்டுண்ணிகள் வந்து சேர்கின்றன. கிரேக்க மொழியின் கிழமைப் பெயர்களே அவற்றின் பெயர்கள். கிரியாக்கி கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து உறுப்பைக் கீறிக்கொண்டே போகும். அல்ட்ராசவுண்டால் தேடி, வெட்டி வெளியே எடுத்து, லேசரால் சுட வேண்டும். திரிதி இன்னும் கொடுமை. முக்கோணச் சவ்வுகள் உறுப்பைப் போர்த்தியிருக்கும், மூலைகளில் முட்கள் குத்தியிருக்கும். வரிசை தவறிப் பிடுங்கினால் சவ்வு மறுபடி பரவும். அறுவைச் சிகிச்சை என்று நினைத்து வந்தவருக்குக் கடிகாரத்தோடு ஒரு கணக்குப் புதிரைக் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறார்கள். பலர் ஆட்டத்தை மூடி வைத்த இடம் இதுதான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறைகளும் வெளிப்படையானவை. கடினத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பெரிதாக்கிப் பார்க்க ஒரு வட்டம் வரைய வேண்டும். அவசரத்தில் கோணிப்போனால் ஆட்டம் அதை ஏற்காது. காலத்தை மெதுவாக்கும் சிறப்புத் திறன் ஒன்று உண்டு. அதற்குத் திரையில் நட்சத்திரம் வரைய வேண்டும். நோயாளி சாகக் கிடக்கும்போது ஐந்து முனைகளும் சரியாக விழும்படி நட்சத்திரம் போடச் சொல்வது வேண்டுமென்றே செய்த குறும்பா, கவனக்குறைவா என்று எனக்கு இன்றும் தீர்மானமில்லை.

இரண்டாம் பாகம் இந்த முட்களில் பலவற்றைப் பிடுங்கிவிட்டது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கலாம். கருவிகளும் முறையும் பழையவையே. கதை மட்டும் மூன்று ஆண்டுகள் தள்ளி நகர்கிறது. விளையாடுவதற்கு இதுவே வசதியானது. ஆனால் உயிர்நிலை எண் இருபதுக்குக் கீழே போனபோது முதல் பாகத்தில் வயிற்றைப் பிசைந்த பயம் இதில் அவ்வளவாக வருவதில்லை. பிடிவாதக்காரர்கள் முதல் பாகத்தை எடுக்கட்டும். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாட நினைப்பவர் இரண்டாம் பாகத்தை எடுத்து, நடுத்தர நிலையில் வைத்துக்கொள்ளலாம். கதைக்காக வரிசையாகத்தான் விளையாட வேண்டும் என்ற கட்டாயம் எனக்குத் தெரியவில்லை; கதை அத்தனை கனமானது அல்ல.

‘லைஃப்சைன்ஸ்’ இவற்றுக்குப் போட்டி என்று விற்கப்பட்டாலும் வேறு ஜாதி. ஜப்பானில் வந்த ஒரு பயிற்சி மருத்துவர் தொடரின் இரண்டாம் பாகம் இது; ஆங்கிலத்துக்கு 2007இல் இது மட்டும் வந்தது. மருத்துவமனைக்குள் நடந்து, ஆட்களோடு பேசி, அவர்களின் குடும்பச் சிக்கல்களைக் கேட்பதில்தான் பெரும்பகுதி நேரம் போகும். கத்தி பிடிக்கும் கட்டங்கள் குறைவு. வாசிக்கப் பிடிக்கும் என்றால் சரி. கை துறுதுறுப்பவருக்குப் பொறுமை போய்விடும்.

ஸ்விட்ச்சில் வந்த ‘சர்ஜன் சிமுலேட்டர்’ இதற்கெல்லாம் நேர் எதிர். 2013இல் 48 மணி நேர ஆட்ட உருவாக்க முகாம் ஒன்றில் பிறந்த யோசனை அது. அதில் கை உங்கள் பேச்சைக் கேட்காது, கேட்காததுதான் வேடிக்கை. பாப் என்ற நோயாளிக்கு இதயம் மாற்ற வேண்டும். சுத்தியலால் விலா எலும்பை உடைத்து, நுரையீரலைத் தூக்கித் தரையில் எறிந்து, புதிய இதயத்தை எப்படியாவது உள்ளே போட்டுவிட்டால் வெற்றி. தைப்பதெல்லாம் கிடையாது. ஆம்புலன்ஸ் கட்டத்தில் வண்டி ஓடும்போதே பின்கதவு திறந்து கருவிகள் சாலையில் பறக்கும். ஸ்விட்ச்சின் இரு ஓரங்களிலும் இருக்கும் ஜாய்-கான் என்ற கைப்பிடிகளைக் கழற்றி இரண்டு பேர் ஆளுக்கொரு கையாக விளையாடலாம். தனியாக விளையாடினால் சீக்கிரம் சலித்துவிடும். தங்கை, தம்பி யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இவற்றை விளையாடினால் கை திருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. 2007இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் ரோஸர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். 33 மருத்துவர்களில், வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் விளையாடியிருந்தவர்கள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் அறுவைச் சிகிச்சை) பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகப் பிழை செய்தார்கள். ஆனால் அங்கே அவர்களுக்கு விளையாடக் கொடுத்தவற்றில் ஒன்று குரங்கை உருட்டும் ஆட்டம், ஒன்று வண்டிப் பந்தயம், இன்னொன்று துப்பாக்கி ஆட்டம். அறுவைச் சிகிச்சை ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

வாங்குவதைப் பற்றி ஒன்று. டிஎஸ் ஆட்ட அட்டைகளுக்குப் பெரும்பாலும் நாட்டுக் கட்டுப்பாடு இல்லை. டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் கருவியிலும் ஓடும். ஆகவே பழைய பொருள் விற்பவரிடம் தேடும்போது எந்த நாட்டுப் பதிப்பு என்று கவலைப்பட வேண்டாம், எந்த மொழி என்று மட்டும் பாருங்கள். ஜப்பானியப் பதிப்பில் செவிலியர் சொல்வது எதுவும் புரியாது. திரைக்கு ஒரு பாதுகாப்புத் தாளும் வாங்கி ஒட்டிவிடுங்கள். தையல் போடும் வேகத்தில் ஸ்டைலஸ் திரையைக் கீறிவிடும்.