ஏணி போடாமல் ஒரு மதிப்பீடு

ஊருக்குப் போனால் உறவினர்களைவிடப் பழுதுபார்க்க வருபவர்களோடுதான் எனக்கு அதிக நேரம் கழிகிறது. இந்தமுறை வீட்டின் ஷிங்கிள் கூரை, அதாவது தார்த் தகடுகளை ஓடுபோல அடுக்கிப் பலகைமேல் ஆணியடித்த கூரை. வெயில் விழும் பக்கத்தில் ஷிங்கிள்களின் ஓரம் சுருண்டு நிற்கிறது. மழைநீர்க் குழாயின் அடியில் கருமணல் போல ஏதோ குவிந்திருந்தது. அது ஷிங்கிளின் மேல் பதித்திருந்த கல்துகள். அடியில் இருக்கும் தாரை வெயிலிலிருந்து காப்பதே அதுதான். உதிர்ந்துவிட்டால் தார் காய்ந்து இறுகி வெடிக்கும்.

முதலில் வந்த நிறுவனத்து ஆள் ஏணிகூடப் போடவில்லை. வாசலில் நின்றபடியே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, "முழுவதையும் மாற்ற வேண்டும் சார்" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்த பிறகு மதிப்பீடு இன்னும் வீங்கியது என்பது என் சந்தேகம்.

அடுத்து வந்த பெரியவர் டார்ச்சுடன் நேராகக் கூரைக்கும் உள்கூரைக்கும் இடைப்பட்ட பரணுக்குள் தவழ்ந்தார். நானும் தலையை நீட்டினேன்; அனல் அடித்தது. கடும் வெயிலில் இப்படிப்பட்ட பரண் 60 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். பலகையில் துருத்திய ஆணி முனைகள் துருவேறி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு வட்டம். "குளியலறை ஃபேனின் குழாய் எங்கே முடிகிறது பாருங்கள் தம்பி" என்றார். ஈரக் காற்றை அது அங்கேயே கக்கிக்கொண்டிருந்தது. கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்தின் துளைகளையோ வெப்பத்தடுப்புப் பஞ்சு அடைத்திருந்தது. கீழே காற்று நுழைய வழியில்லாதபோது முகட்டில் திறப்பு வைத்து என்ன பயன்?

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது, காற்றோட்டத்தை அவர் சர்வரோக நிவாரணியாக விற்காததுதான். ஷிங்கிளின் சூட்டை அது சில டிகிரிதான் குறைக்கும். கூரையின் நிறமும் வெயில் படும் திசையும் அதைவிட முக்கியம். காற்றோட்டம் பிழைக்கவைப்பது அடிப்பலகையைத்தான். ஈரத்தில் பலகை உப்பினால் ஆணி தளர்ந்து, மேலே ஷிங்கிளும் எழும்பிவிடும். பரணின் தரைப்பரப்பில் 300 சதுர அடிக்கு 1 சதுர அடி திறப்பு, அதில் ஏறக்குறைய பாதி இறவாரத்தில், பாதி முகட்டருகே என்பது பரவலான கணக்கு. அப்படிப் பிரிக்க முடியாவிட்டால் 150-க்கு 1.

சொன்ன நாளில் அவர் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வந்தபோது குழாயை வெளியே திருப்பி, பஞ்சை விலக்கி, இறவாரத்தைத் திறந்துவிட்டார். வெயில் பக்கத்து ஷிங்கிள்களை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் பழையதன் மேலேயே புதியதை அடிக்க யாரையும் விடாதீர்கள், பிரித்துப் பலகையைப் பார்த்த பிறகே பதிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.