சோலோ மட்டும் போதுமா? ஜாப்பாவின் கிட்டார் தொகுப்போடு குடித்தனம்

சிடி பிளேயரைக் கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் பக்கம் ஏதாவது ஒன்று படுத்துக்கொள்வது வழக்கம்தான். இந்தத் தடவை லென்ஸ். துடைத்துப் பார்த்து, சரிப்படாமல் வேறு மாற்றி, ஓட்டிப் பார்ப்பதற்காக நான் கொடுத்திருந்த தட்டையே போட்டிருக்கிறார். மறுநாள் போன் வந்தது. "சார், இன்னும் சரியாகலை. பாட்டு நடுவிலேருந்து ஆரம்பிக்குது. நல்லா போய்ட்டு இருக்கும்போதே தேஞ்சு நின்னுடுது. அடுத்ததும் அதே மாதிரிதான்." மிஷினில் கோளாறு இல்லை, தட்டே அப்படித்தான் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு, "வீட்டுல வேற தட்டு போட்டுப் பாருங்க சார்" என்று அனுப்பிவைத்தார்.

அதே வாரம் மாயவரத்திலிருந்து தம்பி முறை ஆகிற ஒருவன் கேட்டான்: "அண்ணே, அந்த ஜாப்பா கிட்டார் செட் பழசுல விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" பதில் நீண்டுபோனதால் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்க ராக் கிட்டார்காரர் ஃபிராங்க் ஜாப்பா யார் என்று விரிவாக விளக்கப் போவதில்லை. மீசை, நக்கல் பாட்டு, 1993-இல் 52 வயதில் இறந்தது எல்லாம் கேட்பவனுக்குத் தெரியும். பேச்சு, 1981-இல் வந்த 'ஷட் அப் அண்ட் ப்ளே யர் கிட்டார்' பற்றி மட்டும். முதலில் தபாலில் விற்ற மூன்று தனித்தனி இசைத்தட்டுகள், அப்புறம் ஒரே பெட்டியாக வந்தன. பெரும்பாலும் 1979, 1980 கச்சேரிகளில் அவர் வாசித்த சோலோக்கள், அதாவது பாட்டுக்கு நடுவில் கிட்டார் தனியாக விரித்து வாசிக்கும் பகுதிகள். அங்கங்கே அதற்கு முந்தையதும் உண்டு. பாடல்களுக்கு நடுவிலிருந்து அவற்றை வெட்டி எடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார்.

அந்த "வெட்டி எடுத்து" என்பதில்தான் எனக்கு இத்தனை வருடமாக எரிச்சல்.

'இன்கா ரோட்ஸ்' என்று அவருடைய பாட்டு ஒன்று உண்டு. பறக்கும் தட்டு பற்றிய கிறுக்குத்தனமான வரிகள், காலை வாரிவிடும் தாளங்கள். எல்லாம் ஓய்ந்து இரண்டே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வாத்தியக் குழு அமரும்போது கிட்டார் மெல்லத் திறக்கும். முன்னால் பட்ட அவஸ்தைக்கு அந்த இடம் ஒரு விடுதலை மாதிரி இருக்கும். 1979 பிப்ரவரியில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் வெவ்வேறு இரவுகளில் அவர் வாசித்த அந்தச் சோலோதான் இந்தப் பெட்டியில் மூன்று தட்டுக்கும் தலைப்புப் பாட்டு. பாட்டைக் காணோம், சோலோ மட்டும் இருக்கிறது. சாமி புறப்பாட்டில் நாயனக்காரர் தோடியில் மேல் ஸ்தாயி பிடித்திருக்கும்போது போய்ச் சேர்ந்து, அவர் கீழே இறங்குவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு ஓடி வருகிற கதை.

இதை ரசிகர்களிடம் சொன்னால் போதும், வம்புதான். ஜாப்பா ரசிகர்களைப் போல ஆர்வம் உள்ளவர்களை நான் கர்நாடக சங்கீத சபாக்களில்கூடப் பார்த்ததில்லை. திருவையாறு ஆராதனையில் பந்தலுக்கு வெளியே நின்று சண்டை போடும் மாமாக்கள் கிட்டத்தட்ட வருவார்கள். எந்தச் சோலோ எந்த ஊரில், எந்தப் பாட்டுக்குள்ளிருந்து வந்தது என்று மனப்பாடம். 'ஷிப் அஹோய்' என்றால் 1976, ஒசாகா என்பார்கள். 'பிங்க் நாப்கின்ஸ்' என்றால் 'பிளாக் நாப்கின்ஸ்' பாட்டின் நடுப்பகுதி என்பார்கள். தலைப்புகளுக்கும் இசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதால் இந்தப் பட்டியல் இல்லாமல் நாம் எதையும் அடையாளம் சொல்ல முடியாது. அந்த வகையில் அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் "பிடிக்கலையா? இன்னும் சரியாக் கேக்கலைன்னு அர்த்தம்" என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்களே, அதற்கு நன்றி சொல்ல முடியாது. நான் கேட்டுவிட்டேன். மிக நன்றாகவே கேட்டுவிட்டேன். வெட்டியது வெட்டியதுதான்.

சரி, பிறகு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்?

டிரம்ஸ் வாசிப்பவருக்காக. வின்னி கொலையூட்டா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். ராக் இசையில் சோலோ நடக்கும்போது டிரம்ஸ்காரர் காலம் காட்டிக்கொண்டு அடங்கியிருப்பார். இவர் அடங்குவதில்லை. ஜாப்பா ஐந்து ஐந்தாக ஒரு சங்கதி போட்டால், இவர் அதைப் பாதியில் பிடித்து ஏழாக்கித் திருப்பித் தருகிறார். இருவரும் எங்கேயோ போய் யாரும் நினைக்காத இடத்தில் வந்து விழுகிறார்கள். சித்தப்பா ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்தபடி இதைக் கேட்டார். ராத்திரி முழுக்க நாயனம் கேட்டு வளர்ந்தவர், இங்கிலீஷ் பாட்டு என்றால் எழுந்து போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. "தவில்காரன் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான். ஆனா விடவும் மாட்டேங்கிறான். ஒத்து யாருப்பா? நல்லா பிடிச்சிருக்கான்" என்றார். நாயனத்துக்கு அடியில் சுருதி பிடிப்பதுதான் ஒத்து; அவர் சொன்னது பேஸ் கிட்டார் வாசித்த ஆர்தர் பாரோவை.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பாட்டுக் கச்சேரியில் ராக ஆலாபனை நடக்கும்போது மிருதங்கம் சும்மா இருக்கும். நாயனத்தில் அப்படியில்லை, ஆலாபனைக்குள்ளேயே தவில் புகுந்து புறப்படும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றிப் பேசுபவர்கள் பக்கத்தில் நின்ற தவிலைப் பற்றியும் பேசுவார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெயர் இன்னும் இந்தப் பக்கம் சொல்லப்படுவது அதனால்தான். அடியில் ஒரே சுருதி, மேலே ஒருவர் விரிக்கிறார், பக்கத்தில் ஒருவர் சீண்டுகிறார். லண்டனில் அந்த இரவுகளில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். மூன்று தலைப்புப் பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதே இரண்டு கார்டு, அதே பிரதி மத்யமம், கல்யாணியின் அதே ஸ்வரங்கள். ஒன்று சாந்தமாகத் தொடங்கும், இன்னொன்று முதல் நொடியிலிருந்தே சண்டைக்கு நிற்கும். பாட்டோடு சேர்த்து வைத்திருந்தால் இந்த ஒப்பீடு கிடைத்திருக்காது என்று ரசிகர்கள் வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எரிச்சல் குறையவில்லை.

இதை வைத்துக்கொண்டு "ஜாப்பா நம்ம சங்கீதத்தைத்தான் வாசித்தார்" என்று கிளம்பும் நம்மூர் ரசிகர்களையும் பார்த்திருக்கிறேன். சாட்சிக்கு வயலின் எல். சங்கரைக் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சங்கர் 1978-இல் நியூயார்க்கில் ஜாப்பாவோடு மேடையில் வாசித்தது உண்மை. பதின்மூன்று எண்ணிக்கையில் 'தர்ட்டீன்' என்றே ஒரு உருப்படி இருக்கிறது. அடுத்த வருடம் சங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தை ஜாப்பாவே தயாரித்ததும் உண்மை. ஆனால் ஜாப்பா கிட்டார் கற்றது ஜானி 'கிட்டார்' வாட்சன் மாதிரி ப்ளூஸ்காரர்களைக் கேட்டு. தாளில் எழுதி அமைக்கும் இசையில் ஆதர்சம் எட்கார் வரேஸ் என்ற இசையமைப்பாளர். கமகம் என்று நாம் சொல்வது அங்கே இல்லை, கம்பியை இழுக்கும் ப்ளூஸ் இழுப்புதான் இருக்கிறது. கல்யாணி என்று நான் சொன்னதும் ஸ்வரக் கணக்குக்காகத்தான். அவர் காதில் அது லிடியன் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை.

லயக் கணக்கு விஷயம் வேறு. முதல் தட்டில் முதலில் வரும் 'ஃபைவ் ஃபைவ் ஃபைவ்' உருப்படியைக் கையில் போட்டுப் பாருங்கள். இரண்டு ஐந்து வேகமாக, மூன்றாவது ஐந்து அதில் பாதி வேகத்தில். தகதகிட தெரிந்தவனுக்கு இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். இந்தச் சோலோக்களை ஸ்டீவ் வை என்ற இளைஞன் உட்கார்ந்து ஸ்வரம் ஸ்வரமாக எழுதி, அது 1982-இல் புத்தகமாகவும் வந்தது. அந்தத் தாள்களில் ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்த எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். தகதகிட மாதிரிச் சொற்கட்டில் எழுதியிருந்தால் பாதி மையில் முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எரிச்சலுக்கே திரும்புகிறேன். இந்த மனிதருக்கு வெட்டுவதும் ஒட்டுவதும் பழக்கம். 1975-இல் ஆல்பத்தில் வந்த 'இன்கா ரோட்ஸ்' பாட்டிலேயே கிட்டார் சோலோ ஹெல்சிங்கி கச்சேரியிலிருந்து எடுத்து ஒட்டியது. 1979-இல் வந்த 'ஜோஸ் கராஜ்' ஆல்பத்தில் சோலோக்கள் பலவும் வேறு ஊர் மேடையில் வேறு பாட்டுக்கு வாசித்தவை, ஸ்டூடியோ பாட்டின் தலையில் ஏற்றிவைத்தவை. ஆனால் அதே ஆல்பத்தில் 'வாட்டர்மெலன் இன் ஈஸ்டர் ஹே' அந்த இடத்துக்கென்றே வாசித்தது. இசையைத் தடைசெய்த நாட்டில் ஒருவன் மனதுக்குள் வாசித்துக்கொள்ளும் கடைசிச் சோலோ என்று கதையில் வரும். அத்தனை அசிங்கமான ஜோக்குகளுக்குப் பிறகு அது வரும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தனியாக எடுத்துக் கேட்டாலும் அழகுதான், ஆனால் அந்த அடி விழாது. நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

பெட்டியின் கடைசியில் வரும் 'கனார் டு ஜூர்' மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஜாப்பா பூசூக்கி (கிரேக்கத் தந்தி வாத்தியம்), ஜான்-லூக் பாண்டி வயலின், இரண்டே பேர், பத்து நிமிஷம். அவசரமே இல்லாமல் போகும்.

ஆக, தம்பி, வாங்க வேண்டாம். மூன்று தட்டும் சோலோ என்றால் முதல் தட்டு முடிவதற்குள் காது மரத்துவிடும், நீ பழி என் மேல் போடுவாய். முதலில் 'ஹாட் ராட்ஸ்', அப்புறம் 'ஜோஸ் கராஜ்' முழுசாகக் கேள். ரசிகர்கள் 1988-இல் வந்த 'கிட்டார்', 2006-இல் வந்த 'டிரான்ஸ்-ஃப்யூஷன்' என்று அடுத்தடுத்து நீட்டுவார்கள். அவையும் இதே ரகம், அந்தப் பக்கம் போகாதே. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. என்னுடைய இரண்டாவது தட்டில் கீறல் விழுந்து 'பிங்க் நாப்கின்ஸ்' தடுக்குகிறது. நீ வாங்கவில்லை என்றால், விற்பவன் நம்பரை எனக்கு அனுப்பு.