பம்ப் பழுது என்று சொல்லிப் பணம் பறித்தார்கள்: பழைய டீசல் வான் வைத்திருப்போர் கவனத்திற்கு

குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்வதற்காகப் படுக்கையும் சிறிய அடுப்பும் பொருத்தி நான் வைத்திருக்கும் டொயோட்டா ஹயேஸ் டொல்பின் வான், கடந்த மாதம் றம்பொடை ஏற்றத்தில் இழுவையை இழந்தது. கம்பளையிலிருந்து புசல்லாவை வரை குறையின்றி வந்த வண்டி, வளைவுகள் தொடங்கியதும் இரண்டாம் கியரிலேயே திணறி நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் பழைய பலத்தோடு ஏறும். இரண்டு கிலோமீற்றர் போவதற்குள் மறுபடியும் திணறும்.

வழியிலிருந்த ஒரு கராஜில் வண்டியை விட்டேன். அவர்கள் அதை ஓட்டிப் பார்க்கவில்லை, டீசல் பில்டரைக்கூடக் கழற்றவில்லை. எஞ்சின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, எஞ்சினுக்குள் டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்டர் பம்ப் தேய்ந்துவிட்டது என்றார்கள். நான்கு நாட்களின் பின், பம்பைப் பிரித்துச் சரிசெய்ததாகவும் டீசலைத் தெளிக்கும் நொசில்களை மாற்றியதாகவும் கூறி 168,000 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த ஏற்றத்திலேயே வண்டி முன்போலவே நின்றது. திரும்பிச் சென்று கேட்டபோது, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டையும் கழற்ற வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு இலட்சம் ஆகும் என்றார்கள்.

அதன் பிறகுதான் கொட்டகலையில் டீசல் வேலையில் பழுத்த அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவருடைய முதல் கேள்வி, "தம்பி, திணறும்போது கரும்புகை வந்துச்சா?" என்பதுதான். இல்லை என்றேன். கரும்புகை வந்தால் டீசல் வருகிறது, அதை எரிக்கப் போதிய காற்று இல்லை என்று பொருள்; அப்போது ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் பலம் குறைந்தால் முதலில் டீசல் வரும் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார்.

பிறகு சுத்தமான டீசல் நிரப்பிய ஐந்து லீற்றர் கேன் ஒன்றை உள்ளே கட்டி, டாங்கியிலிருந்து வரும் குழாயையும் திரும்பிச் செல்லும் குழாயையும் கழற்றி, அவற்றுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் இரண்டு குழாய்களைக் கேனுக்குள் விட்டார். தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை வண்டி ஒரு முறைகூடத் திணறவில்லை. குழாயில் காற்றுக் குமிழியும் தென்படவில்லை. ஆகவே பம்ப் நலமாக இருக்கிறது, குறை டாங்கியிலோ அதிலிருந்து வரும் குழாயிலோதான் என்பது அந்த ஒரே ஓட்டத்தில் தெளிவாயிற்று.

டாங்கியை இறக்கியபோது, உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள வலையில் கறுத்த பிசினும் துருத் தூளும் அப்பியிருந்தன. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வண்டி மாதக் கணக்கில் பாதி டாங்கியுடன் நின்றிருந்தது. நம் பக்கத்துப் பனிக்கும் ஈரத்துக்கும் டாங்கியின் காலி இடத்தில் நீர் வியர்த்து அடியில் தேங்கும்; துருவும் பிசினும் அதனால்தான். ஓடும்போது அழுக்கு வலையை மூடுகிறது. நிறுத்தினால் உறிஞ்சல் நின்று உதிர்கிறது. பத்து நிமிடத்தில் வண்டி தேறியதன் காரணம் இதுவே. சுத்தம் செய்து பில்டர் மாற்றியதற்கு மொத்தம் 11,500 ரூபாய் ஆயிற்று.

அந்த மெக்கானிக் டோர்ச் அடித்துப் பம்பையும் காட்டினார். பம்பைத் தாங்கும் நட்டுகளின் மேல் பழைய எண்ணெயும் புழுதியும் இறுகிப் படிந்திருந்தன. ஸ்பனர் பட்ட தடம் ஒன்றிலுமில்லை. இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளும் அப்படியே இருந்தன. கழற்றப்படாத பம்புக்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன். கழற்றிய பழைய நொசில்களை அன்றே கேட்டு வாங்காதது என் பெரும் தவறு.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. எனவே காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே சற்றுச் சோர்வது இயல்பு. ஆனால் அந்தச் சோர்வு சீராக இருக்கும். நிறுத்தி வைத்தால் நீங்காது.

பற்றுச்சீட்டையும் அந்த நட்டுகளின் படங்களையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். அவர்களின் துரித எண் 1977.