கூடாரத்தை வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். சின்னவளுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை.

இலையுதிர் காலத்தில் பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அது தெரிந்துதான், முகாம் சாமான்களை வாடகைக்கு விடும் ஓர் இணையதளத்தில் இருப்பதிலேயே நல்ல கூடாரமாகப் பார்த்து எடுத்தேன். வாடகையும் முன்பணமும் சேர்த்து என் மாதச் சம்பளத்தில் சரிபாதி.

‘3,000 மி.மீ. நீர் தாங்கும்’ என்று போட்டிருந்தார்கள், அதாவது மூன்று மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை துணி கசியாதாம். அப்படியும் போன் போட்டு, சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள், மழைக்குத் தாங்குமா என்று கேட்டேன். “எங்க வீட்டுப் பிள்ளைங்களையே அதுலதான் சார் படுக்க வைக்கிறோம்” என்றார் அந்த அம்மா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பணத்தைக் கட்டினேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு மழை. “அப்பா, கால் நனையுது” என்றாள் சின்னவள். டார்ச் அடித்துப் பார்த்தால், தையலை மூடும் பட்டை உரிந்து தொங்குகிறது. அதன் வழியே வரிசையாகச் சொட்டுகிறது. துணியின் உட்பூச்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக வந்தது. நாள்பட்ட கூடாரத்தில் பூச்சு இப்படித்தான் போகும். அந்த 3,000 எல்லாம் அது புதிதாக இருந்தபோது உள்ள கணக்கு! இறகு அடைத்த தூக்கப்பைகள் நனைந்து கட்டிதட்டிப் போயின, துளி சூடில்லை. விடியும்வரை நாலு பேரும் காருக்குள் ஒடுங்கிக் கிடந்தோம்.

காலையில் அழைத்தால், “மூச்சுக்காற்று குளிர்ந்து வர்ற ஈரம் சார், எல்லாக் கூடாரத்துலயும் வரும்” என்கிறார்கள். மூச்சுக்காற்று தையல் பார்த்தா சொட்டும்? படம் கேட்டார்கள், பதினொன்று அனுப்பினேன். அப்புறம் “வானிலைக்கு நாங்க பொறுப்பில்லை”. கடைசியில் வந்ததுதான் வயிற்றெரிச்சல்: கூடாரத்தை ஈரமாகத் திருப்பிக் கொடுத்ததால் முன்பணம் கிடையாதாம். பாதி மாதச் சம்பளம், மொத்தமும் போச்சு.

எப்படிப் பார்த்து எடுப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. கூடாரம் கைக்கு வந்த அன்றே விரித்து, தையல் பட்டையைத் தடவிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். தூக்கப்பையில் ‘கம்ஃபர்ட்’ (நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்) என்று போட்ட வெப்பநிலையைப் பாருங்கள், ‘லிமிட்’ (சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை) என்பதை நம்பாதீர்கள். ஈரமாகத் திருப்பினால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். குளிர் எவ்வளவு அடித்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மட்டும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

இன்று மூன்று முறை அழைத்துவிட்டேன். எடுக்கவில்லை.